யார் இந்த கரிவரதன்? மாருதி 800 எஞ்சினில் ரேஸ் கார் செய்த கோவைக்காரரின் கதை

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பளம் இருக்கிறது. அங்கிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு ஏர்வாடி பக்கம் வரும் லாரியைக் கவனித்திருக்கிறீர்களா? லோடு இருக்கும்போது அலுங்காமல் வரும். இறக்கிவிட்டு காலியாகத் திரும்பும்போது அதே ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடும். ரோடும் மாறவில்லை, டிரைவரும் மாறவில்லை. கமான் பட்டைக்கு மேலே இருக்கும் எடை மட்டும்தான் மாறியிருக்கிறது.

ரேஸ் காரில் இந்தச் சங்கதிதான் ஜெயிப்பதையும் தோற்பதையும் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளைத் தாண்டி மற்றவர்களும் இதைக் கற்றுக்கொள்ள ஒரு வழி கிடைத்தது என்றால், அதில் பெரிய பங்கு எஸ். கரிவரதனுடையது.

பஞ்சாலை வீட்டுப் பிள்ளை

1954-ல் பிறந்த கரிவரதன், கோவையின் பஞ்சாலைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். மில்லைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மனசு முழுக்க இருந்தது கார்தான். ஓட்டுவதோடு நிற்காமல், பிரித்துப் பார்ப்பது, மாற்றிக் கட்டுவது, புதுசாக வடிவமைப்பது என்று எல்லாவற்றிலும் கை வைத்தார்.

அந்தக் காலத்தில் ரேஸ் என்றால் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. விமானம் இறங்கப் போட்ட தளம் என்பதால் நேராக நீண்டு கிடக்கும், வளைவு சட்டென்று வரும். வேகமாக வந்து பிரேக்கை அழுத்தினால் எடை முழுக்க முன் சக்கரத்துக்குப் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும். அங்கே ஓட்டியவர்களுக்கு சஸ்பென்ஷன் பாடத்தை அந்த வளைவுகளே நடத்திவிட்டன என்று சொல்லலாம்.

களத்தில் பணத்தின் கை ஓங்கியிருந்தது. ஒரு பக்கம் ஃபியட், ஹெரால்டு மாதிரியான சாதாரண கார்களை மாற்றிக் கட்டி ஓட்டினார்கள். இன்னொரு பக்கம் வெளிநாட்டிலிருந்து இறக்கிய ஃபார்முலா கார்கள். திறமை இருக்கும் பையனுக்கு ஒற்றை இருக்கை கார் கனவுதான்.

1988: ஃபார்முலா மாருதி

கரிவரதன் பிடித்த வழி ரொம்ப எளிமையானது. ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-ன் எஞ்சினை எடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர். ஷோரூமிலிருந்து வரும்போது 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாத எஞ்சின் அது. அதை ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்தார். 1988-ல் ஃபார்முலா மாருதி வந்தது. உதிரிபாகம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும், செலவும் கட்டுப்படி ஆகும்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே சின்ன எஞ்சின் என்றால், எஞ்சின் பலத்தால் யாரும் தப்பிக்க முடியாது. வளைவில் வேகத்தை விட்டுவிட்டால் அடுத்த நேர்ச்சாலை முழுக்க அந்த நஷ்டம் கூடவே வரும். அப்போது வித்தியாசம் காட்டுவது இரண்டே இரண்டு: ஓட்டுபவரின் கை, காரின் செட்டிங்.

செட்டிங் என்றால் என்ன?

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. டேம்பர், அதாவது நம்ம ஊர் ஷாக் அப்சார்பர், அந்த ஸ்பிரிங் எவ்வளவு வேகத்தில் அமுங்கணும், எவ்வளவு வேகத்தில் திரும்பி நீளணும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. டேம்பர் ரொம்ப லூஸாக இருந்தால் ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் கார் ஆடிக்கொண்டே இருக்கும். அமுங்கும் பக்கம் ரொம்ப இறுக்கினால் மேட்டில் சக்கரம் துள்ளும். நீளும் பக்கம் ரொம்ப இறுக்கினாலோ, சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அடுத்தடுத்து மேடு வந்தால் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போகும். புதுசாகக் கற்பவர்கள் பலர் விழும் குழி இதுதான். இறுக்கினால் ரேஸ் கார் மாதிரி இருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் இறுக்கிவிடுவார்கள்.

ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் வெளிப்பக்கமாகவே ஓடுகிறதா? முன்பக்க ஆன்டி-ரோல் பாரை இளக்கலாம், இல்லையென்றால் பின்பக்கத்தை இறுக்கலாம். வால் வெளியே சுற்றுகிறதா? அப்படியே தலைகீழாகச் செய்யணும். ஆனால் அதற்கு முன்னால், பிரச்சினை வளைவில் எந்த இடத்தில் வருகிறது என்று ஓட்டுபவர் சொல்லத் தெரிந்திருக்கணும். பிரேக் போட்டு நுழையும்போதா, வெளியே வரும்போதா? அங்கே டேம்பருக்கு வேலை அதிகம். நடு வளைவில் நிலையாகப் போகும்போதா? அது ஸ்பிரிங், பார் சமாச்சாரம்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் டயர் காற்றைப் பார்க்கணும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். எத்தனை கிளிக் திருப்பினோம் என்று நோட்டில் எழுதணும். கார் மோசமானால் பழைய இடத்துக்கே திரும்பணும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால், நேரம் குறைந்தது எதனால் என்று யாருக்கும் தெரியாது. பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சரிப்படாது.

41 வயதில் முடிந்த பயணம்

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ரேஸ் டிராக் வந்தது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஃபார்முலா மாருதிக்குச் சரியான களம். கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன், தன் முதல் ரேஸை இந்த வகை காரில்தான் ஓட்டி, முதல் மூன்று இடத்துக்குள் வந்தார்.

1995 ஆகஸ்டில் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். வயது 41 தான்.

அவர் போனாலும் ஃபார்முலா மாருதி நிற்கவில்லை. 2000-ல் அதன் சாம்பியன் ஆனவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். 2005-ல் நரேன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் கருணும் அங்கே போனார். இரண்டு பேருமே மாருதி 800 எஞ்சின் காரில் கற்று வந்தவர்கள். இரண்டையும் கரிவரதன் பார்க்கவில்லை.

2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே. சுமார் 2.1 கிலோமீட்டர்தான், இருங்காட்டுக்கோட்டையை விடச் சின்னது. அங்கே ஓடிய செட்டிங்கை அப்படியே இங்கே கொண்டு வந்தால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, டயர் காற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.