யானைமீது ஒரு கணக்கர்

காடு என்றதும் நம்மில் பலருக்குப் புலியும் யானையும் நினைவுக்கு வரும். எனக்கோ கணினித் திரையில் தெரியும் பச்சைப் புள்ளிகளே நினைவுக்கு வருகின்றன. செயற்கைக்கோள் எடுத்த படத்தில் எது காடு, எது காடன்று எனக் கோடிட்டுப் பிரிப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. சென்ற கோடையில், காடு என்று நான் பச்சை தீட்டிய ஓரிடத்தை நேரில் காணச் சென்றேன். அங்கே இருந்தது மாந்தோப்பு. தோப்பின் நடுவே ஒரு சிற்றூர். ஊர்ப் பெரியவர் ஒருவர் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நாணத்தோடு திரும்பினேன். அன்று முதல் என் நெஞ்சில் அடிக்கடி வந்து நிற்பவர் டீட்ரிக் பிராண்டிஸ். அவருடைய வாழ்க்கையை நம் மன்றத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிராண்டிஸ் 1824-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். மைந்தர் நாடியதோ தாவரவியலை. பான் பல்கலைக்கழகத்திலேயே அதைக் கற்பித்தும் வந்தார். அமைதியாக நூலெழுதிக் காலம் கழித்திருக்கலாம். ஆனால் 1856-இல் பர்மாவின் பெகு மாநிலத்துத் தேக்குக் காடுகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. ஆங்கில அரசுக்குக் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். வணிகர்களோ கண்ட மரத்தையெல்லாம் வெட்டிக் கொண்டிருந்தார்கள். எத்தனை மரம் நிற்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது!

இருப்பு தெரியாமல் செலவு செய்யும் வீடு உருப்படுமா? பிராண்டிஸ் முதலில் எண்ணப் புறப்பட்டார். யானைமீது அமர்ந்து காட்டை ஊடறுத்துச் செல்வார். அவரிடம் மூங்கில் துண்டுகள் இருக்கும். பருமனுக்கு ஒரு துண்டு. கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும், அதன் சுற்றளவுக்குரிய துண்டில் கத்தியால் ஒரு வெட்டு. மாலையில் கூடாரத்தில் அந்த வெட்டுகள் எண்களாகும். சிறுமரம் பெருமரமாக எத்தனை ஆண்டு ஆகும் என்றும் கணித்தார். ஆண்டுதோறும் எத்தனை மரம் வெட்டினால் காடு குறையாது என்ற விடை அதிலிருந்து கிடைத்தது.

மலைவாழ் கரேன் மக்கள் காட்டை எரித்துப் பயிர் செய்வதைப் பிற அதிகாரிகள் குற்றமெனக் கண்டனர். பிராண்டிஸோ அம்மக்களைக் கொண்டே, அவர்கள் பயிரிட்ட நிலத்தில் நெல்லோடு தேக்குக் கன்றும் நடச் செய்தார். காட்டைக் காக்கக் காட்டு மக்களின் கை வேண்டும் என்பதை அங்கே கற்றார் எனலாம்.

1864-இல் இந்தியா முழுமைக்கும் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். மழையின் அளவைக் கொண்டு நாட்டை வறண்ட பகுதி, ஈரப் பகுதி எனப் பிரித்து, எங்கே எக்காடு வளரும் என்று விளக்கினார். காட்டு எல்லைகளை அளந்து வரைபடம் தீட்டத் தனிப் பிரிவு தோன்றியதும் அவர் காலத்தில்தான். காட்டுத்தீயைத் தடுக்கும் முயற்சிகளுக்கும் ஊக்கமளித்தார். மத்திய இந்தியாவின் போரிக் காட்டில் 1860-களில் தொடங்கிய தீத்தடுப்பு மற்ற இடங்களுக்கு வழிகாட்டியது. 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி எழுந்தது.

அதே 1878-இல் வந்தது வனச்சட்டம். காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு, ஊர்க்காடு என மூவகை. காடு முழுவதும் அரசுக்கே என்று ஒரு சாரார் வாதிட்டனர். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் ஊராருக்கெனக் காடு வேண்டும் என்று பிராண்டிஸ் நின்றார். ஊர்க்காடு சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. சென்னை மாகாண அரசு, மக்களின் பழைய உரிமைகளைக் காட்டி அச்சட்டத்தை ஏற்க மறுத்தது. பின்னர் பிராண்டிஸே சென்னைக்கு வந்து பணியாற்றியதன் பயனாக 1882-இல் தனிச்சட்டம் பிறந்தது. இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள வனச்சட்டம் அதுவே!

அவரைக் குறையற்றவர் என்று நான் போற்றவில்லை. அவர் பணியாற்றியது அயலார் அரசுக்கு. காத்த மரங்களில் பல இருப்புப்பாதைக் கட்டைகளாயின. அவர் உருவாக்கிய துறை இட்ட எல்லைக்கோடுகளால், தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்கள் அத்துமீறியவர் எனப் பெயர் பெற்றனர். அந்த அநீதியை நாடு சட்டத்தில் ஒப்புக்கொள்ள 2006-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

1883-இல் ஓய்வு பெற்றார் பிராண்டிஸ். முதுமையிலும் ஓயாமல் இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை எழுதி 1906-இல் வெளியிட்டார். மறு ஆண்டு பிறந்த ஊரிலேயே கண்மூடினார்.

இன்று டேராடூனில் இந்திய வன அளவை நிறுவனம் இருக்கிறது. எங்கே தீப்பற்றினாலும் செயற்கைக்கோள் காட்டிக் கொடுக்கிறது. செய்தி உடனே வனத்துறைக்குப் பறக்கிறது. பெரும்பேறுதான். ஆயினும் அந்நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மரநிழல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. இயற்கைக் காடாயினும் தோப்பாயினும் ஒன்றே. வானத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பச்சை தெரியும். பச்சையின் கீழ் யார் வாழ்கிறார் என்பது தெரியாது. யானைமேல் சென்றவருக்கு அது தெரிந்தது. தெரிந்தும் அம்மக்களுக்கு உரியதை முழுமையாகப் பெற்றுத் தர அவரால் இயலவில்லை. தெரியாமலேயே கோடிடும் நாம் என்ன செய்துவிடப் போகிறோம்?

இப்போதெல்லாம் ஒரு கோட்டை முடிக்குமுன் அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போய் வருகிறேன். ஆய்வு சற்றுத் தாமதமாகிறது, ஆகட்டும்.