பொதிகைப் புள்ளும் சலீம் அலியும்

பறவையை இன்னதென்று தெளிய நிறமும் குரலும் மட்டும் போதா. அது வாழும் நிலமும் தெரிதல் வேண்டும். புள்ளைக் கருப்பொருளாக்கித் திணைதோறும் வகுத்த இலக்கணத்தைப் பயிற்றும் நமக்கு இது புதுமையன்று. அறிவியல் வழியில் இதற்கென நாடெங்கும் நடந்தவர் சலீம் அலி.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருதீன் தயப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவராயிருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறங்கண்டு ஐயுற்று, அதனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு எடுத்துச் சென்றார். செயலர் மில்லார்டு அங்குப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் பறவையியற் பணி கைகூடாதபோதும் அவர் சோர்ந்தாரல்லர்; பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்று மீண்டார்.

1933இல் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவைகளை ஆராயப் புகுந்தார். நம் செங்கோட்டையும் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. இத்தகைய ஆய்வில் சேகரிக்கும் ஒவ்வொரு பறவையின் காலிலும் இடமும் நாளும் எழுதிய சீட்டுக் கட்டப்பெறும். சீட்டில் ஊர் பிழைத்தால் பறவையால் பயனில்லை.

இதன் அருமை நம் மலையிலேயே விளங்கும். செங்கோட்டைப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து அச்சன்கோவில் இடைவெளி அமைகிறது. அதன் தெற்கே, தாமிரபரணி பிறக்கும் பொதிகையை உள்ளிட்ட அசம்பு மலைகள்; வடக்கே பழனி மலை முதலியன. இருபுறத்து உயர்சோலைகளிலும் கருநீல உடலும் வெண்வயிறும் உடைய சிறுபறவை உண்டு. சலீம் அலி, ரிப்ளியுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலில் இவ்விரண்டும் ஒரே பெயரில் அடங்கின. அவர் மறைந்தது 1987இல். மரபணுவையும் உடலமைப்பையும் குரலையும் ஒப்பிட்ட ஆய்வாளர், 2017இல்தான் தென்புறப் பறவையைத் தனி இனமெனக் கண்டு அசம்பு சோலக்கிளி என்றனர். (கிளி என்றது மலையாள வழக்கு, அங்கே சிறுபறவை யாவும் கிளியே.) அம்மலைச் சிலம்பனும் இவ்வாறே பழனிச் சிலம்பனினின்றும் பிரிந்து நிற்கிறது.

பேரறிஞரும் பிரித்துக் காணாத பறவை அது. தோற்றத்தால் மயங்கினும், நிற்பது இடைவெளிக்கு எப்புறம் என்றறிந்தவர் பெயரைத் தவறவிடார். முண்டந்துறை வழியே மலையேறும் நம் மாணவர் பழைய நூலொன்றையே நம்பிச் சென்றால், பொதிகைப் பறவைக்குப் பழனிப் பறவையின் பெயரை எழுதிக்கொண்டு இறங்குவர்.