ஒலிவர் பிராங்ஸ்: நியாயசபைகளின் சுயாதீனத்திற்கு வழிவகுத்தவர்

அரசாங்கத்தின் முடிவினால் பாதிக்கப்பட்ட ஒருவர், அம்முடிவை எடுத்தவர்களிடமே நியாயம் கேட்டு நிற்க நேர்வது பெரும் அவலமாகும். இந்நிலையை மாற்றப் பிரித்தானியாவில் வழிவகுத்தவர் ஒலிவர் பிராங்ஸ். அவர் நீதிபதியல்லர், அரச நிர்வாகத்தின் உச்சத்தில் இருந்தவர் என்பதே நாம் கவனிக்க வேண்டியதாகும்.

1905 இல் பேர்மிங்ஹாமில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த பிராங்ஸ், ஒக்ஸ்போர்டில் பயின்று, 1937 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஒழுக்க மெய்யியல் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வழங்கல் அமைச்சில் இணைந்து, அதன் நிரந்தரச் செயலாளராக உயர்ந்தார். 1948 முதல் 1952 வரை வொஷிங்டனில் தூதுவராகக் கடமையாற்றினார்.

அக்காலப் பிரித்தானியாவில் ஓய்வூதியம், வாடகை போன்ற பிணக்குகளை விசாரிக்கப் பல நியாயசபைகள் இருந்தன. ஆனால், அவற்றிற் பலவற்றின் உறுப்பினர்களைச் சம்பந்தப்பட்ட அமைச்சர்களே நியமித்தனர். முடிவுகளுக்குக் காரணம் கூறப்படாமையும் வழமையாயிருந்தது. இதனிடையே, விமானப் படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக 1938 இல் சுவீகரிக்கப்பட்ட கிறிச்செல் டவுன் காணியை, தேவை முடிந்த பின்னரும் முன்னைய உரிமையாளரின் குடும்பத்தினர் மீளப் பெற முடியாதவாறு அதிகாரிகள் நடந்துகொண்டமை அம்பலமாகி, 1954 இல் விவசாய அமைச்சர் பதவி துறந்தார். மக்களின் அதிருப்திக்கு மத்தியில் 1955 இல் பிராங்ஸ் தலைமையில் குழுவொன்று அமைக்கப்பட்டது. கிறிச்செல் டவுன் போன்ற விவகாரங்கள் அக்குழுவின் விசாரணை வரம்பினுள் அடங்கவில்லை என்பது விசித்திரமே.

1957 இல் வெளியான அறிக்கை, நியாயசபைகள் நிர்வாகத்தின் கிளைகளல்ல, நீதி வழங்கும் அமைப்புகளே எனத் தெளிவுபடுத்தியது. வெளிப்படைத்தன்மை, நேர்மை, பக்கச்சார்பின்மை ஆகிய மூன்றையும் அவற்றின் அடிப்படைகளாக வகுத்தது. மறுவருடச் சட்டம் முடிவுகளுக்குக் காரணம் கோரும் உரிமையை வழங்கியதுடன், பல நியாயசபைகளின் முடிவுகளுக்கு எதிராகச் சட்டப் பிரச்சினைகளில் நீதிமன்றம் செல்லவும் வழி திறந்தது. எனினும், உறுப்பினர் நியமனத்தைச் சுயாதீன பேரவையிடம் கையளிக்க அரசாங்கம் இணங்கவில்லை. பேரவைக்கு ஆலோசனை கூறும் அதிகாரமே கிட்டியது. 2007 ஆம் ஆண்டுச் சட்டமே பெரும்பாலான நியாயசபைகளை ஒரே கட்டமைப்பினுள் கொணர்ந்து, அவற்றின் நீதிபதிகளின் சுயாதீனத்தைச் சட்டரீதியாக உறுதிசெய்தது. 1992 இல் மறைந்த பிராங்ஸ் அதனைக் காணவில்லை.

இலங்கையிலும் 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபை உண்டு. அரச ஊழியர்களின் மேன்முறையீடுகளை விசாரிக்கும் அதன் உறுப்பினர்களை நீதிச்சேவை ஆணைக்குழுவே நியமிக்கின்றது. நியாயசபையொன்றைத் தோற்றுவிப்பது எளிது. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் யார், அது தன் முடிவுகளுக்குக் காரணம் கூறுகின்றதா என்பவையே அதன் தரத்தைத் தீர்மானிக்கும். அதிகாரத்தில் இருந்தவரே அதிகாரத்திற்கு வரம்பிட முன்வந்தமையை, இன்று அதிகாரத்தில் உள்ளோர் மனங்கொள்ள வேண்டும்.