இருமுறை தோற்றவர் பெற்ற கலாநிதிப் பட்டம்

போரால் படிப்பு முறிந்த பிள்ளைகளுக்கு நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒரு பரீட்சையில் தவறியதும் எல்லாம் முடிந்ததென்று ஒதுங்கும் பிள்ளைக்கு நான் சொல்லும் வாழ்க்கை எல்லாப்பிரகட சுப்பாராவினுடையது.

1895இல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேசன் பரீட்சையில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் சித்தியடைந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தார். அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகைமையே கிடைத்தது.

1923இல் பொஸ்டனுக்குப் போனார். ஹார்வர்ட்டில் முதலில் வெப்பமண்டல மருத்துவ டிப்ளோமா, பின்னர் உயிர்இரசாயனத்தில் ஆய்வு. வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையொன்றில் இரவு நேரச் சிற்றூழியர் வேலை.

சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆசிரியரின் கீழ் அவர் செய்த வேலை வெளிப்பார்வைக்குச் சிறியது: இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொஸ்பரசைப் பிழையின்றி அளப்பது. மொலிப்டேற்றுடன் தாக்கமுறச் செய்து நீல நிறம் வரவழைத்து, அளவு தெரிந்த கரைசலின் நிறத்தோடு ஒப்பிடும் முறை 1925இல் வெளியானது. உயிர்இரசாயன மாணவர்கள் இன்றும் அதைக் கற்கிறார்கள்.

ஆய்வுப் பயிற்சி என்றால் என்ன என்பதை அடுத்து நடந்தது காட்டுகிறது. தசையிலிருந்து எடுத்த சாற்றில் அந்த நீலம் வழமையைவிட மெதுவாகவே தோன்றியது. அதைத் தவறென்று ஒதுக்காமல் இருவரும் காரணம் தேடினார்கள். 1927இல் பொஸ்போகிரியற்றீன் வெளிப்பட்டது. தசைக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற அக்காலக் கொள்கையே ஆட்டங்கண்டது. தொடர்ந்து ஏ.ரி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். 1930இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 35.

ஹார்வர்ட் நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கு அவர் வழிநடத்திய குழுக்களிடமிருந்து செயற்கை ஃபோலிக் அமிலமும், புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்ஸேட்டும், யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசினும் வந்தன. யானைக்கால் நோயை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்ததே, அந்த முயற்சியில் விழுங்கப்பட்ட மாத்திரைகளில் ஒன்று இதுதான்.

1948இல், 53 வயதில், ஊர் திரும்பாமலே இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. அவரது மருந்துகள் இன்னமும் வைத்தியசாலைகளில் கொடுக்கப்படுகின்றன.