மண்ணுக்குக் கணக்குப் பார்த்த பெரியார்: ஹியூ ஹமண்ட் பெனற் (1881 – 1960)

அமெரிக்காவில் மண்காப்பின் தந்தை என்று போற்றப்படுபவர் ஹியூ ஹமண்ட் பெனற். நாம் வாழும் இந்நாட்டின் வயல்கள் இன்றும் விளைகின்றன என்றால் அதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் எம்மவரில் பலர் இவரது பெயரைக்கூட அறிந்திருக்க மாட்டார்கள்.

பெனற் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி வட கரோலினா மாநிலத்தின் அன்சன் கவுண்டியில் ஒரு பருத்தித் தோட்டக் குடும்பத்தில் பிறந்தார். மழைநீர் மண்ணை அள்ளிச் செல்லாதிருக்கச் சாய்வான நிலத்தில் வரம்பு கட்டுவதைச் சிறுவயதிலேயே தந்தையாரிடம் கண்டறிந்தார். 1903இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அதே ஆண்டு மத்திய விவசாயத் திணைக்களத்தில் மண் அளவையாளராகச் சேர்ந்தார்.

1905இல் வேர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா கவுண்டியில் விளைச்சல் குறைந்ததன் காரணத்தை ஆராய அனுப்பப்பட்டார். அங்கே அருகருகாக இருந்த இரண்டு நிலங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். காடாக விடப்பட்ட நிலத்தில் மண் கருமையாகவும் ஈரமாகவும் கையால் தோண்டக்கூடியதாகவும் இருந்தது. பல காலம் உழுத நிலத்திலோ மேல்மண்ணே இல்லை. இறுகிய களிதான் எஞ்சியிருந்தது. இரண்டும் முன்னர் ஒரே மண்தான். ஒவ்வொரு மழையும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படையாக மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

கணக்கியல் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விளைச்சல் வருமானம், மேல்மண் முதல். இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். மண்ணுக்கு எந்த விவசாயியின் கணக்குப் புத்தகத்திலும் தேய்மானம் எழுதப்படவில்லை. முதலைத் தின்றுகொண்டு இலாபம் என்று நம்பியிருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1909இல் அவர் பணியாற்றிய பிரிவே மண் அழியாத, தீராத செல்வம் என்று அறிக்கை வெளியிட்டது. பெனற் தளரவில்லை. ஊர் ஊராக மண்ணை ஆராய்ந்து, 1928இல் மண் அரிப்பு நாட்டுக்கே பேராபத்து என்று எச்சரிக்கும் பிரசுரமொன்றைச் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்டார். அதன் பயனாகக் காங்கிரஸ் 1929இல் அரிப்பு ஆராய்ச்சி நிலையங்களுக்கு 160,000 டொலர் ஒதுக்கியது.

1933இல் புதிதாக அமைக்கப்பட்ட மண் அரிப்புச் சேவைக்குத் தலைவரானார். விஸ்கொன்சின் மாநிலத்தின் கூன் கிறீக் ஆற்றுப் பள்ளத்தாக்கு முதலாவது செயல்விளக்க இடமாகத் தெரிவாயிற்று. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு உழாமல் சாய்வுக்குக் குறுக்கே உழுதார்கள். சோளம், ஓட்ஸ், புல் எனப் பட்டை பட்டையாக மாற்றிப் பயிரிட்டார்கள். செங்குத்தான சரிவுகளில் மாடு மேய்ப்பதை நிறுத்தி மரம் வளரவிட்டார்கள். அரசு விதையும் சுண்ணாம்பும் வேலையாட்களும் கொடுத்தது. விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பிற்காலத்தில் அப்பள்ளத்தாக்கை அளந்து பார்த்தபோது, அங்கே படியும் வண்டல் 1930களில் இருந்ததன் சிறு பங்காகக் குறைந்திருந்தது.

இதற்கிடையே வரட்சியால் பெருஞ்சமவெளிகளின் மண் காற்றில் பறக்கத் தொடங்கியது. 1934 மே மாதத்தில் அப்புழுதி கிழக்குக் கரை வரை வந்து சேர்ந்தது. 1935 வசந்தத்தில் செனற் குழுவின் முன் சாட்சியமளிக்கையில், புழுதிப் புயலொன்று வாஷிங்ரனை நெருங்குவதை அறிந்திருந்த பெனற், அது வந்து வானம் இருளும்வரை பேச்சை நீட்டினார் என்று ஒரு கதை உண்டு. 1935 ஏப்ரல் 27ஆம் திகதி மண்காப்புச் சட்டம் நிறைவேறியது. காங்கிரஸில் எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

ஆனால் வாஷிங்ரனில் சட்டம் இயற்றினால் மட்டும் ஒரு விவசாயியின் கலப்பை திரும்பிவிடாது. அதனால் 1937 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் மாநில ஆளுநர்கள் அனைவருக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். அதன்படி 25 நிலக்காரர் மனுக் கொடுத்து, பின் வாக்கெடுப்பில் ஆதரவு கிடைத்தால் ஒரு மண்காப்பு மாவட்டம் அமைக்கலாம். நிர்வாகிகள் ஐவரில் மூவரை அவ்விடத்து மக்களே தெரிவு செய்வார்கள். பணமும் நிபுணரும் மேலிருந்து வர, முடிவெடுப்பது ஊரவர். 1937 ஓகஸ்ட் 4ஆம் திகதி பதிவான முதலாவது மாவட்டமாகிய பிறவுண் கிறீக், பெனற் பிறந்த அன்சன் கவுண்டியிலேயே அமைந்தது. இன்று நாடெங்கும் ஏறக்குறைய 3,000 மாவட்டங்கள் உள்ளன.

குறைகளும் இல்லாமலில்லை. நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாதிரிச் சட்டத்தில் இருந்தும், அதைப் பயன்படுத்திய மாவட்டங்கள் மிகச் சில. விரும்பியவர் சேர்ந்தார், விரும்பாதவர் பழையபடி உழுதார். ஆண்டுக் குத்தகைக்காரருக்கோ, அடுத்த ஆண்டு யார் கையில் இருக்குமோ என்று தெரியாத நிலத்தில் வரம்பு கட்ட மனம் வரவில்லை.

பெனற் 1951இல் ஓய்வு பெற்று, 1960 ஜூலை 7ஆம் திகதி காலமானார். ஆர்லிங்ரன் தேசிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நிறுவிய மண்காப்புச் சேவை 1994 முதல் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை என்ற பெயரில் இயங்கி வருகிறது.

வாசகர்களே, இது விவசாயிகளின் விடயம் மட்டும் என்று எண்ண வேண்டாம். நியூ ஜேர்சியில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, கோயிலோ மண்டபமோ வாகனத் தரிப்பிடமோ, பெரியளவில் நிலம் திருத்துபவர் மண் அரிப்புத் தடுப்புத் திட்டத்தை மண்காப்பு மாவட்டத்திடம் சமர்ப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும். பல மாவட்டங்கள் வசந்த காலத்தில் குறைந்த விலையில் மரக்கன்றுகள் விற்கின்றன. அவற்றின் கூட்டங்களுக்கு எவரும் போகலாம்.

சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். அதனாலேயே இங்குள்ள நிலத்தை ஆண்டுக் குத்தகைக்காரர் போலப் பார்க்கும் மனம் எமக்கு எளிதில் வந்துவிடுகிறது. எம் பிள்ளைகள் குத்தகைக்காரர் அல்லர். அவர்கள் கையேற்கப் போகும் முதல் குறையாதிருக்க வேண்டுமானால், வரம்பு கட்டுவது எமது வேலையும்தான்.