பேசாத படம் சொன்ன மன்னிப்பு

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஊமைப்பட டைரக்டரைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். கடைசி வரை படியுங்கள்.

அவர் பெயர் எஃப். டபிள்யூ. முர்னோ. 1888-ல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் பிறந்தவர். குடும்பப் பெயர் ப்ளம்ப்பே. பவேரியாவில் உள்ள முர்னோ என்ற ஊரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டிவிட்டு, பிறகு படம் எடுக்க வந்தார். 1922-ல் எடுத்த 'நாஸ்ஃபெராட்டு', டிராகுலா கதையை உரிமை வாங்காமல் எடுத்த படம். பிரதிகளை அழிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவே போட்டது. தப்பிய சில பிரதிகளால்தான் இன்று அதைப் பார்க்கிறோம்.

1926-ல் ஃபாக்ஸ் கம்பெனி அழைக்க ஹாலிவுட் போனார். 1927-ல் 'சன்ரைஸ்' வந்தது. நகரத்துக்காரி ஒருத்தியின் மயக்கத்தில், கிராமத்தான் ஒருவன் மனைவியை ஏரியில் தள்ளத் துணிகிறான். தான் மட்டும் மிதந்து தப்பிக்க நாணல் கட்டு ஒன்றைப் படகில் ஒளித்து வைக்கிறான். ஆனால் கை வரவில்லை. அவள் பயந்து டிராமில் ஏறி ஓட, இவனும் பின்னாலேயே போகிறான். சர்ச்சில் யாருக்கோ நடக்கும் கல்யாணத்தைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். அவள் மன்னிக்கிறாள். திரும்பும் வழியில் புயல்! அந்த நாணலை அவன் அவள் உடம்பில் கட்டுகிறான். கொலைக்கு வைத்திருந்ததே அவளைக் காப்பாற்றுகிறது!

சூடர்மான் எழுதிய மூலக்கதையில் கணவன் செத்துப்போகிறான். படத்தில் இருவரும் பிழைக்கிறார்கள். செய்த தப்புக்காகச் சாவது சுலபம், மன்னித்தவள் முகத்தைத் தினமும் பார்த்து வாழ்வதுதான் கஷ்டம் என்று எனக்குப் பட்டது.

நம்ம ஆட்களுக்கு இன்னொரு விஷயம். நகரத்து செட்டில் தூரம் தெரிய, பின்னால் போகப் போகக் கட்டடங்களைச் சின்னதாகக் கட்டினார்கள். நாம் டிராயிங் ஹாலில் போடும் அதே பெர்ஸ்பெக்டிவ்தான்!

1929-ல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் இந்தப் படத்துக்கு விருது. மனைவியாக நடித்த ஜேனட் கேய்னருக்கும், இதையும் சேர்த்து மூன்று படங்களுக்காக விருது. 1931 மார்ச்சில் கார் விபத்தில் முர்னோ இறந்தார். வயது 42தான். கடைசிப் படமான 'டாபு' ஒரு வாரம் கழித்து வெளியானது. 1937-ல் கிடங்குத் தீயில் 'சன்ரைஸ்' மூல நெகட்டிவும் எரிந்துபோனது. மிஞ்சிய பிரதியிலிருந்துதான் படத்தை மீட்டார்கள்.

இனி என் கதை. முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் வெர்னியரைக் கீழே போட்டு உடைத்தது நான். ஃபைன் கட்டியது என் ரூம்மேட். நான் வாயே திறக்கவில்லை. அந்தப் படம் பார்த்த ராத்திரி அவனிடம் உண்மையைச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குக் கிளம்பியவன், வாசலில் எனக்காக நின்றான்.

உங்களுக்கும் அப்படி ஒரு கடன் பாக்கி இருந்தால், ஃபைனல் இயர் முடிவதற்குள் தீர்த்துவிடுங்கள் நண்பர்களே!