மூழ்கிய கப்பலுக்குள் நீந்திய மனிதர்



கடலுக்கு அடியிலே ஒரு கப்பல். அதன் வயிற்றுக்குள்ளே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், லாரிகள், துப்பாக்கிகள். ரப்பர் பூட்ஸ்கூடக் குவிந்து கிடக்கிறது. வண்டிகளுக்கு நடுவே மீன்கள் சுற்றுகின்றன. டி.வி.யில் இதைப் பார்த்தபோது ஏதோ சினிமா செட் என்றுதான் நினைத்தேன். இல்லைங்க, நிஜம்! கப்பலின் பெயர் திஸ்டில்கார்ம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குச் சாமான் ஏற்றிப் போன, பீரங்கி பொருத்திய கப்பல். 1941 அக்டோபர் 6 அன்று நள்ளிரவு தாண்டி ஜெர்மன் விமானம் குண்டு போட்டதில் செங்கடலில் மூழ்கியது. 9 பேர் இறந்தார்கள்.

1955-இல் அந்தக் கப்பலைத் தேடிப் போய்ப் படம் எடுத்த குழுவின் தலைவர் ஜாக் கூஸ்தோ. அவரைப் பற்றி எழுதத்தான் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

கூஸ்தோ 1910 ஜூன் 11 அன்று பிரான்சில் பிறந்தார். சின்ன வயதில் அடிக்கடி நோயில் படுப்பாராம். 1930-இல் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்கு ஆசை என்னவோ விமானம் ஓட்டுவதில்தான். ஆனால் ஒரு கார் விபத்தில் இரண்டு கைகளுக்கும் பலத்த அடி. விமானக் கனவு போச்சு. கைக்குப் பலம் வரட்டும் என்று தினமும் கடலில் நீந்தினார். கடற்படை நண்பர் ஒருவர் நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டவர், அதற்குப் பிறகு கடலை விடவே இல்லை.

அந்தக் காலத்தில் ஆழத்துக்குப் போகிறவர்கள் கனமான உலோகத் தலைக்கவசம் மாட்டிக்கொள்வார்கள். மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். மூழ்கிய கப்பலின் அறைக்குள் நுழைந்து குழாய் எங்காவது சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. காற்றை முதுகிலேயே சுமந்து போனால் என்ன என்று கூஸ்தோ யோசித்தார். முன்பே சிலர் அப்படிச் செய்து பார்த்திருந்தாலும், அந்தக் கருவிகளில் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும்.

30 மீட்டர் ஆழத்தில் நம் உடம்பின் மேல் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல 4 மடங்கு. உள்ளே இழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் வரவேண்டும், இல்லையென்றால் நெஞ்சு விரியாது. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் பிரான்சில் கார்களை வாயுவில் ஓட்டினார்கள். என்ஜின் கேட்கிற அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்துவிடும் வால்வு ஒன்றை எமில் கான்யான் என்ற பொறியாளர் செய்து வைத்திருந்தார். என்ஜின் இருக்கும் இடத்தில் மனிதனின் நுரையீரலை வைத்துப் பாருங்கள்! அதுதான் விஷயம்.

1943-இல் ஆற்றில் முதல் சோதனை செய்தபோது சொதப்பல். படுத்து நீந்தினால் நன்றாக வேலை செய்தது. நிமிர்ந்தால் காற்று வீணாகப் போனது, தலைகீழானால் இழுக்கவே முடியவில்லை. காற்று உள்ளே வரும் இடமும் வெளியே போகும் இடமும் மேலும் கீழுமாக இருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் சரியாயிற்று. அப்புறம் கடலில் இறங்கினார்கள். அதே ஆண்டில் மூழ்கிய கப்பல்களைப் பற்றி ஒரு படமே எடுத்துவிட்டார்கள். அந்தக் கருவிக்கு அக்வாலங் என்று பெயர்.

எல்லாம் வெற்றி என்று நினைக்காதீர்கள். எவ்வளவு ஆழம் போக முடியும் என்று 1947-இல் சோதித்தபோது, கூஸ்தோவின் தோழர் மொரீஸ் ஃபார்க் சுமார் 120 மீட்டர் ஆழம் தொட்டார். உயிரோடு மேலே வரவில்லை. ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மயக்கிவிடும். போதை ஏறினவர்போல ஆகிவிடுவார்களாம்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். திஸ்டில்கார்மிலிருந்து கூஸ்தோ குழுவினர் ஒரு மோட்டார் சைக்கிளையும், கப்பலின் மணியையும், கேப்டனின் பெட்டகத்தையும் மேலே எடுத்துவந்தார்கள். 9 பேர் செத்த இடமாச்சே! இதைவிட மோசம், 1956-இல் வெளிவந்த அவருடைய ‘மௌன உலகம்’ படம். அதில் மீன்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்று பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். அந்தப் படத்துக்குத்தான் கான் விழாவின் தங்கப்பனை விருதும் ஆஸ்கரும் கிடைத்தன. எனக்குக் கோபம் வந்தது. பெரிய மனிதரைப் பற்றிக் குறை எழுதலாமா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். எழுது, ஆனால் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் படித்துவிட்டு எழுது என்றார்கள்.

படித்தேன். 1960-இல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டப் போனபோது முன்னே நின்று எதிர்த்தவர் இவர்தான். 1973-இல் கடலைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று உலகம் முழுக்கக் கையெழுத்து வாங்கினார். 1991-இல் அதைத் தடை செய்து ஒப்பந்தமும் வந்தது. வெடி வைத்தவரும் இவர்தான், தடுத்தவரும் இவர்தான். கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் காட்டாமல் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கோபமே வந்திருக்காது இல்லையா?

கடைசிக் காலம் சோகம். கூடவே வேலை செய்த மகன் பிலிப் 1979-இல் விமான விபத்தில் இறந்தார். 40 வருடத்துக்கு மேல் இவரைச் சுமந்த கலிப்ஸோ என்ற கப்பல், 1996 ஜனவரியில் சிங்கப்பூரில் ஒரு பார்ஜ் மோதி மூழ்கியது. மூழ்கிய கப்பல்களைத் தேடிப் போன கப்பலே மூழ்கிவிட்டது. கிரேன் வைத்துத் தூக்கினார்கள். அடுத்த வருடம், 1997 ஜூன் 25 அன்று, 87 வயதில் கூஸ்தோ பாரிசில் காலமானார்.

திஸ்டில்கார்ம் இன்னும் செங்கடலில்தான் கிடக்கிறது. அதற்குள் நிற்கும் மோட்டார் சைக்கிளைத்தான் கீழே வரைந்திருக்கிறேன். பின்சக்கரம் கொஞ்சம் கோணலாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

— 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்